பூச்சி துப்பாத வெல்லம்

பொந்தியான் படகுத்துறைப் பக்கம் கோப்பிக் கடைகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷக் கடைசியில் ஒரு பேச்சு நடமாடியது. புக்கிட் லாடா ரப்பர்த் தோட்டத்தில் அய்யாவு என்று ஒருத்தர் இருக்கிறாராம், ஆடி வெள்ளியன்று அம்மன் முன்னால் நூறு பேர் பார்க்கக் கைநிறையப் பாஷாணம் தின்றாராம், தின்றுவிட்டு ஏப்பமும் விட்டாராம். முடிவெட்டும் கடையில் கேட்டால் ஏப்பம் இரண்டு. மீன் விற்கிறவர் கணக்கில் ஏப்பம் கிடையாது, ஆனால் காது வழியாகப் புகை வந்தது. தென்னஞ்சர்க்கரை விற்கும் ஜாவாக்காரர் மட்டும், அந்த ஆளுக்குத் தான் சர்க்கரை விற்றதோடு சரி, வேறு சம்பந்தம் எதுவும் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கவில்லை.

பதினான்கு மைல் உள்ளே போய்த் தோட்டத்திலேயே விசாரித்ததில் ஏப்பம் அடியோடு பொய். தின்றதும் பொய். வாயில் போட்டது மட்டும் மெய். அந்த மெய்யைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, இதற்குக் கோப்பிக் கடைப் பொய்யே தேவலை, அதில் பயம் இல்லை என்று தோன்றியது.

அய்யாவுக்குச் சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். பதிமூன்றாம் வருஷம் வெள்ளையம்மாவைக் கட்டிக்கொண்ட கையோடு கப்பலேறி வந்தவர். முதலில் பால்வெட்டுக்குப் போட்டார்கள். மரத்தில் ஒரு எறும்பு ஏறினால் போதும், கத்தியை நிறுத்திவிட்டு அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். எறும்பு வீடு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், பால் நின்றுவிடும். கங்காணி சபாபதி கொஞ்ச காலம் பொறுத்தார். பொறுக்க முடியாமல் போனதும் அவரைத் தண்டனையாக நாற்றுமேட்டுக்குத் தள்ளினார். பூச்சியைத்தானே பார்க்கிறாய், அங்கே போய் வயிறு நிறையப் பார் என்று சொல்லி அனுப்பினார்.

அது தண்டனை இல்லை என்று கங்காணிக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நாற்றுமேட்டில் கித்தா என்கிற ரப்பர்க் கன்றுகளைச் சுவர்க்கோழிப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும். இருட்டினதும் வெளியே வந்து கன்றைத் தண்டோடு கத்தரித்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். காலையில் மேடு சவரம் பண்ணின முகம் மாதிரி இருக்கும். தோட்டத்துத் துரை தகர டின்னில் வெள்ளைப் பாஷாணம் வரவழைத்து, தவிட்டில் சர்க்கரையோடு பிசைந்து உருட்டி வைக்கச் சொன்னார். பூச்சிகள் உருண்டையைச் சுற்றிப் போய்க் கன்றைத் தின்றன. துரைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பாஷாணம். பூச்சிகள் இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுற்றிப் போயின.

அய்யாவு விடியற்காலையில் மேட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தார். பூச்சியின் வாய்க்குப் பக்கத்தில் நாலு குட்டி விரல்கள் தொங்குகின்றன. கடிப்பதற்கு முன்னால் அது அந்த விரல்களால் உருண்டையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. ஒரு நொடிதான். பிடிக்கவில்லை என்றால் பின்னால் நகர்ந்து, முன்னங்காலால் வாயைத் துடைத்துக்கொண்டு போகிறது. ஈ அதற்கும் மேலே. அது காலாலேயே ருசி பார்க்கிறது. சர்க்கரைத் தண்ணீரில் கால் பட்டதும் வாய் தானாகக் கீழே இறங்குகிறது. உப்புத் தண்ணீரில் அதே ஈ அதே காலை வைத்தால் வாய் இறங்குவதே இல்லை. இதைத் துரையிடம் போய்ச் சொன்னார். இன்றைக்குக் கள்ளுக்கடை எத்தனை மணிக்குத் திறந்தது என்று துரை கேட்டார்.

அதற்கப்புறம் அய்யாவு யாரிடமும் சொல்லவில்லை, செய்தார். பாஷாணத்தைக் குறைத்தார். சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி அதற்குள் கரைய விட்டார். முதல் மூன்று நாள் வெறும் சர்க்கரைத் தவிடு வைத்தார், நாலாம் நாள்தான் மற்றது. மூன்று நாள் விருந்து சாப்பிட்ட பூச்சி நாலாம் நாள் விரலால் தட்டிப் பார்ப்பதைக்கூட அவசரமாக முடித்துக்கொண்டது. எந்த அளவில் வைத்தால் பூச்சி தின்னுகிறது, எந்த அளவில் துப்புகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது. ஒருநாள் வைத்த உருண்டையில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. எறும்புகூட இழுத்துக்கொண்டு போயிருந்தது. மேடு பச்சையாக நின்றது. துரை அதைத் தன் கண்டுபிடிப்பாக மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டு வாங்கினார்.

அன்றைக்குத்தான் அய்யாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. எதுவும் துப்பாத ஒரு விஷத்தை அவர் கையால் காய்ச்சியிருந்தார். சாம்பலைப் போட்டு ஏழு தடவை கை கழுவத் தொடங்கினார். மற்றவர்களோடு ஒரே சட்டியில் சோறு தின்ன மாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையைத் தொட மாட்டார்.

வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து ஜனங்களுக்கு அந்தப் பயம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. பாஷாண அய்யாவு என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் நல்ல மாதிரியாகத்தான் பேசுவார்கள், நாலடி தள்ளி நின்று. அது அவருக்குப் பெரிதாக உறைக்கவில்லை. பேச்சுத்துணைக்கு அவருக்குப் பூச்சி இருந்தது. உறைத்தது வெள்ளையம்மாவுக்கு. அவள் குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டில் கிண்ணம் நீட்ட ஆளில்லை. அவள் வெற்றிலைத் தட்டை நகர்த்தினால் எதிரே இருப்பவளுக்கு அப்போதுதான் பல்வலி வரும். ஆடி மாசம் அம்மன் பொங்கலுக்குப் பெண்கள் வீடு வீடாக மடிப்பிச்சை கேட்டு வருவார்கள். முந்தானையை ஏந்துவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியும் ஒரு அச்சு வெல்லமும் போட வேண்டும். மடியில் விழுந்துவிட்டால் அது அம்மனுடையது. யார் போட்டது எது என்று பார்க்கக் கூடாது, திருப்பிக் கேட்கக் கூடாது. மொத்தமும் ஒரே கூடையில் கொட்டி ஒரே பொங்கலாக வைப்பார்கள். ஆறு வருஷமாக அந்தப் பெண்கள் வெள்ளையம்மாவின் பக்கத்து வீட்டுக்கு வந்து, பிறகு அதற்கு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நடுவில் இருந்த வீடு அவர்கள் கண்ணில் படவில்லை.

வெல்லம் என்று தோட்டத்தில் சொன்னாலும் அது பொந்தியான் தென்னஞ்சர்க்கரைதான். பாகை மூங்கில் குழாயில் ஊற்றி இறுக விட்டு, தென்னோலையில் சுற்றி, ஜாவாக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். எல்லா வீட்டிலும் அதே அச்சு, அதே ஓலை. மழைக்காலத்தில் பாஷாணத் தவிடு பூசணம் பிடித்துக் கெட்டுப் போனதால் அய்யாவு ஒரு வழி செய்திருந்தார். பாஷாணப் பாகையும் அதே மூங்கிலில் ஊற்றி, அதே ஓலையில் சுற்றி, நாற்றுமேட்டுக் கொட்டகையில் பூட்டி வைத்தார். வேண்டும்போது சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். அடையாளத்துக்கு ஓலை மேல் ஒரு கரிக்கோடு. வெறும் சர்க்கரை அச்சுகள் கீழ்ப்பலகையில், கோடு போட்டவை மேல்பலகையில்.

அந்த ஆடியில் நாலு நாள் விடாமல் மழை. கொட்டகைக் கூரை மேல்பலகைக்கு நேராக ஒழுகியது.

வெள்ளி மத்தியானம் அரை நாள் வேலையோடு எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்ட நேரத்தில், அய்யாவு ஒழுகலைப் பார்க்கக் கொட்டகையைத் திறந்தார். ஓலை நனைந்திருந்தது. கரிக்கோடு கறுப்புத் தண்ணீராக ஓடிப் பலகையில் கறையாகப் படிந்திருந்தது. மேல்பலகையில் ஒன்பது அச்சு இருக்க வேண்டும். எண்ணினார், எட்டு. மறுபடியும் எண்ணினார். பலகைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார். சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும், வேறு யாரும் தொட மாட்டார்கள். தொட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினார்.

வீட்டில் வெள்ளையம்மா பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ஒண்ணு நாந்தாங்க எடுத்தேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள். "கோடு இல்லாததாப் பாத்துத்தான் எடுத்தேன். மடிப்பிச்சைக்கு வந்தாங்க. நம்ம வீட்டுக்கு."

வந்தது ராசம்மா. மூவார்ப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகாதவள். எந்த வீடு கண்ணில் படக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசலில் நின்று முந்தானையை விரித்து, அக்கா அம்மனுக்குப் போடுங்க என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் அரிசி இருந்தது, வெல்லம் இல்லை. நிற்கிறவளைக் காக்க வைக்கப் பயந்து, போய்விடுவாளோ என்று பயந்து, வெள்ளையம்மா கொட்டகைக்கு ஓடியிருக்கிறாள்.

அய்யாவு திரும்பி ஓடினார்.

லயத்திலிருந்து கோயிலுக்கு அரை மைல். வழியெல்லாம் ஜனம் போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் வாழையிலைத் துண்டு. ஒரு பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கால் ஓடும்போதே மனசும் ஓடியது. வெள்ளையம்மா லயத்தையே கொல்லப் பார்த்தாள் என்பார்கள். போலீஸ் வரும். அவள் அந்த நல்ல சேலையோடு வண்டியில் ஏறுவாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை, ஏனென்றால் அதை அவர் மூன்று வருஷமாக மேட்டில் பார்த்திருந்தார். தின்ற பூச்சிக்கு முதலில் எதுவும் ஆகாது, நன்றாக நடக்கும், பிறகு கால்களை இழுத்துக்கொண்டு சாகும்.

கோயிலில் பெரிய தவலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அரிசி குழைந்த பிறகுதான் வெல்லம் போடுவார்கள். ஓலையெல்லாம் பிரித்தாகிவிட்டது. முப்பத்தெட்டு வீட்டு அச்சுகளையும் உலக்கையால் உடைத்துக் கூடையில் குவித்திருந்தார்கள். அய்யாவு கூடைப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எறும்பு வந்திருக்கும், அதைப் பார்த்தால் போதும் என்று நம்பிக்கொண்டுதான் அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தார். எறும்பு ஏறாத கட்டி எதுவோ அதுதான் அவருடையது. அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம், யாருக்கும் தெரியாது, வெள்ளையம்மாவின் பெயர் வெளியே வராது.

எறும்பு வந்திருந்தது. எல்லாக் கட்டியிலும் இருந்தது. புரட்டிப் பார்த்தார், எல்லாக் கட்டியிலும் ஒரே மாதிரி மொய்த்திருந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்து காலை வைத்தது. வாய் இறங்கியது. இன்னொரு கட்டிக்குப் பறந்தது, அங்கேயும் இறங்கியது. அவை சாவதற்கு நேரம் ஆகும். அடுப்பு அதுவரை காத்திருக்காது. எறும்பும் ஈயும் துப்பாமல் இருப்பதற்காகத்தான் அவர் மூன்று வருஷம் மண்ணில் குப்புறப் படுத்திருந்தார். வேலையை அரைகுறையாகச் செய்யும் மனுஷராக இருந்திருந்தால் இந்நேரம் தப்பித்திருக்கலாம்.

கூடையில் பல்லி விழுந்துவிட்டது, வெல்லத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று பூசாரி ஐயாசாமியிடம் சொன்னார். ஐயாசாமி நிதானமான மனுஷர். பல்லி எந்தப் பக்கமாக விழுந்தது, தலை கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்று விசாரித்தார். அய்யாவு உளறியதில் கிழக்கே என்று வந்துவிட்டது. கிழக்கே என்றால் ரொம்ப நல்லது, மழை நிற்கும் என்று சொல்லிவிட்டு ஐயாசாமி அகப்பையை எடுத்தார்.

"அதுல என் பாஷாணம் இருக்கு," என்றார் அய்யாவு.

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மேளக்காரர் கையை நிறுத்தினார்.

"வெல்லத்தோட வெல்லமாக் கலந்துபோச்சு. நாந்தான் குடுத்தேன். கை தவறி நாந்தான் குடுத்தேன்."

ராசம்மா தவலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். தன் மடியில் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். அவரைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைக் கையோடு இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். கங்காணி சபாபதி முன்னால் வந்தார். நாலு மணிக்குத் துரையும் துரைசாணியும் பொங்கல் பார்க்க வருவதாக இருந்தது. திருவிழா நின்றால் தலை குனிய வேண்டியவர் அவர். எந்தக் கட்டி என்று காட்டச் சொன்னார். தெரியாது என்றார் அய்யாவு. எறும்பு மொய்க்கிறதே, பூச்சி தின்னுகிற பண்டத்தில் விஷம் எப்படி இருக்கும் என்று கங்காணி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஆறு வருஷமாக ஒதுக்கி வைத்ததற்குப் பழி வாங்க, அம்மன் பொங்கலைக் கெடுக்க வந்திருக்கிறான் என்றார். அதற்கு இன்னும் கொஞ்சம் பேர் தலையாட்டினார்கள்.

"ஒரு கட்டிய எடுத்து வாயில போடு," என்றார் கங்காணி. "நீ தின்னுட்டா அது வெல்லம்."

முப்பத்தெட்டில் ஒன்று. அய்யாவு கூடையைப் பார்த்தார். எறும்பு அதிகமாக மொய்த்த கட்டியை எடுத்தார். ஏன் அதை எடுத்தார் என்று பின்னால் கேட்டதற்கு, எறும்புக்கு ரொம்பப் பிடித்தது தன் கைப்பக்குவமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது என்றார். வாயில் போட்டார்.

தித்தித்தது. வேறெந்த ருசியும் இல்லை. கசப்போ காரமோ ஏதாவது ஒன்று தட்டுப்படாதா என்று நாக்கால் துழாவினார். தித்திப்பு தொண்டைக்கு இறங்கப் பார்த்தது. அப்போது அவர் உடம்பு அவரைக் கேட்காமல் முன்னால் மடங்கியது. துப்பினார். மண்ணை அள்ளி நாக்கில் தேய்த்துத் துப்பினார். வேட்டி நுனியால் நாக்கை இழுத்துத் துடைத்தார். அடுப்புச் சாம்பலை வாயில் போட்டுக்கொண்டு, எச்சில் ஒழுக மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று அவருக்கே நினைவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ராசம்மாதான் முதலில் அசைந்தாள். கூடையைத் தூக்கிப் போய்க் கவிழ்த்தாள்.

அம்மன் அந்த வருஷம் உப்புப் பொங்கல் சாப்பிட்டாள். வெல்லத்தை நாற்றுமேட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மூன்றாம் நாள் அய்யாவு போய்ப் பார்த்தபோது குழியைச் சுற்றி எறும்பு செத்துக் கிடந்தது, கடுகு கொட்டின மாதிரி. கங்காணியை வந்து பார்க்கக் கூப்பிட்டார். கங்காணிக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. தான்தான் வாயில் போடச் சொன்னது என்பதை அவர் ஒரு மாசம் கழித்துப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏப்பம் அங்கேதான் சேர்ந்திருக்க வேண்டும்.

யாரும் சாகவில்லை என்பதால் துரை போலீஸுக்கு எழுதவில்லை. இனி மனுஷர் தின்னாதபடி பாஷாண அச்சில் கொயினா கலக்கச் சொன்னார். மலேரியாவுக்குக் குடிக்கும் அந்தக் கசப்பு நாக்கில் பட்டால் யாரும் துப்பிவிடுவார்கள் என்பது கணக்கு. பூச்சியும் துப்பியது. ஒரே வாரத்தில் மேடு மறுபடியும் சவரமானது. துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கலாம் என்றார் அய்யாவு. பூச்சி வாய் விரலால் தட்டி ருசி பார்க்கும், நிறத்தைப் பார்த்து ஒதுங்காது. நீல வெல்லத்தை எந்த மனுஷனும் வாயில் போட மாட்டான். கள்ளுக்கடையைப் பற்றி இந்தத் தடவை துரை கேட்கவில்லை. இப்போது புக்கிட் லாடாவில் பாஷாணம் நீல நிறம்.

வீட்டில்தான் கணக்கு நேராகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வெள்ளையம்மா நல்ல சேலையை மடித்து வைத்துவிட்டு, நான் கொடுத்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். உன்னைக் காப்பாற்றத்தான் என்றார்.

"ஆறு வருஷத்துல ஒரு தடவ எங்கிட்ட வாங்குனாங்க," என்றாள். "அதையும் நீங்க குடுத்ததா ஆக்கிட்டீங்களே."

அவர் சாம்பலை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

அடுத்த மாசம் எல்லா வீட்டிலும் மறுபடி ஒரு அச்சு வெல்லம் போட்டு அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். முப்பத்தேழு வீடு. முப்பத்தெட்டாவது வீட்டுக் கணக்கை அம்மனே தள்ளுபடி செய்துவிட்டாள் என்று ஐயாசாமி அறிவித்தார். எல்லோருக்கும் நிம்மதி. ராசம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மன் விட்டாலும் தான் விடப்போவதில்லை, தன் மடியில் விழுந்தது ஒரு அச்சு, தனக்கு வர வேண்டியதும் ஒரு அச்சு என்று வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளையம்மா வாசலில் வந்து நிற்கிறாள்.

"எங்க அக்கா என் வெல்லம்?"

"இந்த வாரம் ஜாவாக்காரரு வரல ராசம்மா. அடுத்த வெள்ளி வாயேன்."

ஜாவாக்காரர் புதன்கிழமையே வந்துவிட்டுப் போயிருப்பார். ராசம்மாவுக்கும் அது தெரியும். அவளும் அவரிடம்தான் வாங்குகிறாள். அலமாக் என்று சலித்துக்கொண்டு, இப்படியே எத்தனை வெள்ளி என்று முணுமுணுத்தபடி படியில் உட்காருவாள். வெள்ளையம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்துவாள். ராசம்மா ஒன்றை எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். உள்ளே அய்யாவு சாம்பலில் கை கழுவிக்கொண்டு, அவள் மெல்லும் சத்தம் நிற்காமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டியிருப்பார். கேட்கும்.

அந்த ஒரு அச்சு வெல்லம் இன்னும் வந்து சேரவில்லை.